எண்ணைச் சொல்லுங்கள்

அத்தியாயம் 7

"நாலே நாலு உறை," என்றாள் பிரிட்ஜெட். "அந்த நாலு பிளாஸ்டிக் உறைக்காக என்னை ஏமாத்துக்காரின்னு எழுதப் போறாங்க."

பிரிட்ஜெட் ஹால்வர்சன் வாசா மாவட்டத்தில் பனி வாரும் லாரி ஓட்டுபவள். நாற்பத்தேழாம் நம்பர் லாரி. எதிரே ஒன்றுமே தெரியாத பனிப்புயலில் மலைச் சாலையில் தனியாகப் போய்த் திரும்புகிறவள், சட்டென்று அழுகிற ரகம் இல்லை. ஆனால் மூக்கு சிவந்திருந்தது. வெளியே குளிர் என்று சமாளிக்கலாம். நாங்கள் நின்றதோ ஹீட்டருக்குப் பக்கத்தில்.

"எத்தனை மணிக்கு எழுதுவாங்க?" என்றார் பாஸ், கோட்டிலிருந்து பனியைத் தட்டிவிட்டபடி.

"ரெண்டு மணிக்கு. இறுதி ஆட்டம் ஆரம்பிக்கிற நேரம். அதுக்குள்ள நான் குறி வெக்கலைன்னு நிரூபிச்சா ஆடலாம். இல்லைன்னா ஒரு வருஷத் தடை. இந்த ஊர்ல ஒரு வருஷமா அது? ஆயுசு பூரா சொல்லுவாங்க."

கடிகாரத்தில் பன்னிரண்டரை.

பாஸ் என்று நான் சொல்வது லொரெய்ன் பிஷோஃப் என்ற பெண்மணியை. இருபத்தாறு வருடம் காப்பீட்டு நிறுவனத்தில் உட்கார்ந்து, எரியாத களஞ்சியம் எரிந்தது என்று எழுதிக் கொடுத்தவர்களைப் பிடித்தவர். இப்போது தனியாகத் துப்பறிகிறார். நான் கஸ் நோவாக், அவருடைய உதவியாளன். அவருக்குக் கார்டு விளையாட்டில் அரிச்சுவடி தெரியாது. எனக்கு அதைத் தவிர வேறொன்றும் தெரியாது. அந்த வகையில் நாங்கள் இருவரும் சேர்ந்தால் ஒரு முழு ஆள்.

வெண்டல் ஓஸ்டின் கார்டுக் கடை வழக்கமான ஞாயிறுபோல் இல்லை. மான் வேட்டை தொடங்கிய வாரக்கடைசி என்பதால் பாதிப் பேர் காட்டில் இருந்தார்கள். மிச்சப் பேர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொரித்த பாலாடைக்கட்டியின் வாசனை வந்தது. கொஞ்சம் கருகிய வாசனை.

நடுவர் மாய் ஷியோங் மேஜையில் கார்டுக் கட்டைப் பரப்பி வைத்திருந்தாள். நாற்பது வயது. அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை, தப்பாகத் தீர்ப்புச் சொல்லியும் யாரும் பார்த்ததில்லை.

"அறுபது கார்டு," என்றாள். "ஒவ்வொண்ணும் ஒரு பச்சை உறைக்குள்ள. கசங்காம இருக்க எல்லாரும் போடுறதுதான். அதுல அம்பத்தாறு ஒரே உசரம். நாலு மட்டும் மயிரிழை உசரம். கண்ணை மூடிக்கிட்டு விரலை ஓட்டினாலே தட்டுப்படுது. வேணும்னா பாருங்க."

பாஸ் கண்ணை மூடி விரலை ஓட்டினார். நான்கு முறை நிறுத்தினார்.

"மேல வர்றது நல்ல கார்டா இல்லையான்னு தொட்டே தெரிஞ்சுக்கலாம்."

"அதேதான். அந்த நாலுல ரெண்டு, இவளோட முடிவில்லாச் சுற்றோட உயிர்நாடி."

"முடிவில்லாச் சுற்றுன்னா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாழ்க்கையில் அபூர்வமாகக் கிடைக்கும் தருணம் இது. நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

"பாஸ், இது பச்சையும் வெள்ளையும் கலந்த கட்டு. இந்த வெள்ளைக் கார்டு மணித் துறவி. மேஜைக்குப் புதுசா ஓர் உயிரினம் வந்தா, மணியடிச்சு நமக்கு ஓர் உயிர்ப்புள்ளி கூட்டுவார். ஆளுக்கு இருபது புள்ளியில ஆரம்பிப்போம், அது தீர்ந்தா தோல்வி. இந்தப் பச்சைக் கார்டு முளைத்தாய். நமக்கு உயிர்ப்புள்ளி கூடினா, சந்தோஷத்துல ஒரு முளையைப் பெத்துப் போடுவா. அந்த முளையும் ஓர் உயிரினம்தானே? துறவி மணியடிப்பார். புள்ளி கூடும். அவ திரும்பப் பெறுவா. அவர் திரும்ப அடிப்பார்."

"எப்ப நிறுத்துவாங்க?"

"நிறுத்த மாட்டாங்க. என் மாமியார் வீட்டுப் பேச்சு மாதிரி."

"மாமியார் உனக்கு ஏது? உனக்குத்தான் கல்யாணமே ஆகலையே."

"அதனாலதான் பாஸ் இவ்வளவு தைரியமாப் பேசுறேன்."

மாய் சிரிக்கவில்லை.

விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னாள். சனிக்கிழமை முதல் நாள் ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவர்களின் கட்டுகளையெல்லாம் வாங்கிச் சரிபார்த்தாள். பிரிட்ஜெட்டின் அறுபது உறையும் ஒரே மாதிரி இருந்தன. பெட்டிகளை இரும்பு அலமாரியில் பூட்டினாள். சாவி கல்லாவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். அது அங்கே தொங்குவது ஊருக்கே தெரியும். இன்று காலை அரையிறுதி முடிந்து மறுபடி சரிபார்த்தபோது நான்கு உறைகள் வளர்ந்திருந்தன.

"அலமாரியைத் திறந்து கட்டைக் கொடுத்தப்புறம் இவதான் வெச்சிருந்தா," என்றாள் மாய். "வேற யார் மேல சந்தேகப்படச் சொல்றீங்க?"

"காலைல முதல்ல வந்தது டஸ்டின்தான்," என்றார் வெண்டல், கல்லா மேஜையைத் துடைத்தபடி. எங்களைப் பார்க்கவில்லை. "எட்டு மணிக்குக் கடை திறக்கிறேன், வாசல்ல நிக்கிறான்."

டஸ்டின் க்ளுக் இறுதி ஆட்டத்தில் பிரிட்ஜெட்டின் எதிராளி. வேட்டைக்காரர்களின் ஆரஞ்சுச் சட்டையில் ஒரு மேஜைக்கான இடத்தை அடைத்துக்கொண்டு நின்றான். பிரிட்ஜெட் விலகினால் கோப்பை அவன் மடியில் வந்து விழும்.

"ஆமா, வந்தேன்," என்றான். "வீட்ல ஹீட்டர் வேலை செய்யல. அது குத்தமா? ஒரு பெரிய கலைமானை விட்டுட்டு வந்திருக்கேன். இங்க வந்தா திருடன்கிறீங்க."

"டஸ்டின், போன வருஷமும் ஒரு பெரிய கலைமானைத்தான் விட்டுட்டு வந்தே," என்றேன். "உன்னால விடப்படாத மான் ஏதாவது இருக்கா?"

"டேய் கஸ், உன்னைச் சுட்டா தடையில்லதானே?"

பாஸ் எங்கள் சண்டையைக் கேட்கவேயில்லை. அந்த நான்கு கார்டுகளையும் வரிசையாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மணித் துறவி, முளைத்தாய், வேண்டிய கார்டைக் கட்டிலிருந்து தேடிக் கொண்டுவரும் வேட்டைநாய், கடைசியாக ஒரு காடு.

"கஸ், இந்தக் காடு எதுக்கு?"

"அது வெறும் நிலம், பாஸ். மத்த கார்டை எறக்க நிலம் வேணும். உப்பு மாதிரி."

"இந்தக் கட்டுல எத்தனை காடு?"

"பதினொண்ணு," என்றாள் பிரிட்ஜெட்.

"பதினொண்ணுல ஒண்ணுக்கு மட்டும் குறி வெச்சா என்ன லாபம்?"

மாய் அந்தக் காட்டுக் கார்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தன் தீர்ப்பை அவள் மறுபடி யோசிப்பதை அன்றுதான் முதல்முறை பார்த்தேன்.

"ஏமாத்துறவங்களுக்கு ஒரு கஞ்சத்தனம் உண்டு," என்றார் பாஸ். "லாபம் இல்லாத இடத்துல பொய் சொல்ல மாட்டாங்க. கஸ், ஆட்டத்துல இந்த நாலும் மேஜையில எப்படி உக்காரும்? வெச்சுக் காட்டு."

வைத்தேன். நிலங்கள் எப்போதும் நம் வயிற்றுப் பக்கம். அதற்கு மேலே உயிரினங்கள். காட்டுக்கு நேர் மேலே நாய், நாய்க்கு அடுத்து துறவி, அவரை ஒட்டி முளைத்தாய். நான்கும் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்குள் அடங்கின.

பாஸ் தன் காப்பிக் கோப்பையை எடுத்து அவற்றின் மூலையில் வைத்தார். சாய்ப்பதுபோல் பாவனை செய்தார். நான் பதறிப் போனேன்.

"இது குறி வெச்சது இல்ல, கஸ். இது சிந்தினது. யாரோ இந்தக் கட்டை வெச்சு ஆடியிருக்காங்க. சுற்று சேர்ந்த நேரத்துல எதையோ கொட்டியிருக்காங்க. நனைஞ்ச நாலு உறையைக் கழட்டிட்டுப் புதுசு போட்டிருக்காங்க. அதே நிறம், ஆனா வேற நாள்ல வந்த சரக்கு. அதான் மயிரிழை உசரம்."

"என்னோட கட்டை வெச்சா?" என்றாள் பிரிட்ஜெட். லாரியை வேறொருவன் ஓட்டினான் என்று கேட்டதுபோல் அவள் முகம் மாறியது.

அவளுடைய பெட்டிக்குள் கட்டோடு ஒரு சின்ன நோட்டு இருந்தது. உயிர்ப்புள்ளி எழுதுகிற நோட்டு. பாஸ் அதன் மூலையைத் தடவினார். காகிதம் நனைந்து காய்ந்து அப்பளம்போல் நெளிந்திருந்தது. மோந்து பார்த்தார்.

"மூட்டுவலித் தைலம்."

"ரூட் பீர், பாஸ். தைல வாசனை அடிக்கிற குளிர்பானம்," என்றேன். "இங்க எல்லாரும் அதைத்தான் குடிக்கிறாங்க."

"மேல் பக்கத்தைக் கிழிச்சிருக்காங்க. பிரிட்ஜெட், நீங்களா?"

"நான் கிழிக்க மாட்டேன். அதோட, பென்சில்லதான் எழுதுவேன். இன்னிக்கு இதைத் திறக்கவே இல்ல, அரையிறுதிக்கு மாய் கொடுத்த தாள்லதான் எழுதினேன்."

"இவங்க பால்பாயிண்டுல அழுத்தி எழுதியிருக்காங்க."

பாஸ் நோட்டை ஜன்னல் பக்கம் சாய்த்தார். பனியின் வெளிச்சத்தில் அடிப்பக்கத்தில் பதிந்திருந்த தடம் பளிச்சென்று தெரிந்தது. இரண்டு வரிசை எண்கள். வலப்பக்கம் இருபது, பதினாறு, பதினொன்று. இடப்பக்கம் இருபது, பதினேழு, பதின்மூன்று. அதற்குக் கீழே, நாலு முறை அழுத்திச் சுழித்து, ஐயாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்று மூன்று.

"ரெண்டு வரிசையும் ஒரே கையெழுத்து," என்றார் பாஸ். "எதிர்ல யாரும் இல்ல. ரெண்டு பக்கமும் ஒரே ஆள் ஆடியிருக்கார். கஸ், பதிமூணு எப்படி திடீர்னு ஐயாயிரமாச்சு?"

மறுபடி எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சொன்னேனே, வாழ்க்கையில் அபூர்வம். ஒரே நாளில் இரண்டாம் முறை.

"பாஸ், சுற்று முடிவில்லாதது. ஆனா ஆடறவங்க 'முடிவில்லாம'ன்னு சொல்லக் கூடாது. விதி. எத்தனை தடவை சுத்துறோம்னு ஓர் எண்ணைச் சொல்லணும். பத்து, ஆயிரம், லட்சம், எதுவேணா. சொல்லலைன்னா மாய் விட மாட்டா."

"முடிவில்லாதது எண் இல்ல," என்றாள் மாய்.

"பாத்தீங்களா? ஆளுக்கு ஓர் எண் பழக்கமாயிடும். கையெழுத்து மாதிரி. பிரிட்ஜெட்டுக்கு நாப்பத்தேழு. மாய் ஆடுன காலத்துல நூத்தியொண்ணு. என்னோடது மூணு."

"மூணா?"

"அதுக்கு மேல எண்ணினா எனக்குப் பசிக்கும்."

"அப்போ இந்த ஆள் சொன்ன எண், கடைசிப் புள்ளியில பதிமூணு கழிச்சா வரும்," என்றார் பாஸ். "ஐயாயிரத்து இருநூத்தி எண்பது. யாரோடது?"

அதற்குப் பதில் சொல்ல எங்கள் கடையில் ஒரு சுவரே இருக்கிறது. இங்கே யாராவது முதன்முதலாக முடிவில்லாச் சுற்றுப் போட்டால், வெண்டல் கறுப்பு மார்க்கரால் கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் அவர் பெயரையும் எண்ணையும் தேதியையும் எழுதிவிடுவார். அந்தச் சுவரில் பெயர் வருவதற்காகவே தோற்கத் தயாராக இருந்தவர்களை எனக்குத் தெரியும்.

பாஸ் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழாகப் படித்தார். டஸ்டின் பெயருக்கு எதிரே நூறு கோடி.

"தனியா உக்காந்து ஆடினா இவர் என்ன சொல்லுவார்?"

"ஆயிரம் கோடி," என்றேன்.

"பாக்க யாருமே இல்லாம எதுக்குடா ஆடணும்?" என்றான் டஸ்டின். அவன் நிரபராதி என்பதற்கு அதைவிட நல்ல சாட்சியம் எனக்குத் தேவைப்படவில்லை.

நூற்றுச் சொச்சம் பெயர்கள். ஐயாயிரத்து இருநூற்றெண்பது இல்லை. மணி ஒன்று பத்து. பிரிட்ஜெட் சுவரைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்திருந்தாள். அவள் கையுறைகளை மாட்டிக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்குப் புறப்படுகிறவள்தான் கையுறை மாட்டுவாள்.

"கடை திறந்து எத்தனை வருஷம் ஆச்சு?" என்றார் பாஸ்.

"பதினொண்ணு," என்றார் வெண்டல். அடுப்பில் இரண்டாவது தட்டுப் பாலாடைக்கட்டியும் கருகியிருந்தது. மாவட்டத்தின் சாலைகளையெல்லாம் அளக்கிற வேலையில் இருபது வருடம் இருந்துவிட்டு, அதை உதறிவிட்டு இந்தக் கடையைத் திறந்தவர். நீண்ட சாலைகளை அளந்து அளந்து நிதானமாகிப்போன மனிதர். அவர் கையால் எதுவும் கருகி நான் கண்டதில்லை.

"சுவர்ல பழைய தேதி ஒன்பது வருஷத்துக்கு முந்தினது. முதல் ரெண்டு வருஷம் யாருமே சுற்றுப் போடலையா?"

சுவரின் இடது ஓரத்தில், கூரை உயரத்துக்கு, குளிர்பானப் பெட்டி நின்றது.

"கஸ், உன் முதுகு எப்படி இருக்கு?"

"மோசமா இருக்கு, பாஸ்."

"நல்லது. இனிமே கெட என்ன இருக்கு? தள்ளு."

"அதை நகத்தாதீங்க," என்றார் வெண்டல். "கம்ப்ரஸர் கெட்டுடும்."

"மெதுவாத் தள்ளுவோம்," என்றான் டஸ்டின். அதுவரை சந்தேகத்துக்கு ஆளாகியிருந்தவன் தோளைக் கொடுத்ததும், நான் வெறுமனே முனகினால் போதும் என்றாகிவிட்டது. புட்டிகள் குலுங்கின. பெட்டி ஒரு முழம் நகர்ந்தது.

பின்னால் ஒட்டடை, இரண்டு புட்டி மூடிகள், முதல் இரண்டு வருடப் பெயர்கள். எல்லாவற்றுக்கும் மேலே, கடை திறந்த நாளின் தேதியோடு முதல் வரி: வெண்டல், 5,280.

"ஒரு மைலுக்கு எத்தனை அடி, கஸ்?" என்றார் பாஸ் மெதுவாக.

பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வெண்டல் துடைக்கிற துணியைக் கீழே வைத்துவிட்டார்.

"காலைல ஆறு மணிக்கு வந்தேன்," என்றார். "கடை திறக்க ரெண்டு மணி நேரம் இருந்துச்சு. சனிக்கிழமை பூரா அந்தக் கட்டைத் தூரத்துலேந்து பாத்துக்கிட்டே இருந்தேன், பிரிட்ஜெட். என்ன அழகாக் கட்டியிருக்கே! நான் ஆடியே பல வருஷம் ஆச்சு, ஒரே ஒரு ஆட்டம் ஆடிட்டு வெச்சிடலாம்னு எடுத்தேன். சுற்று சேர்ந்துச்சு பாரு, ரெண்டு கையையும் தூக்கிட்டேன். முழங்கை புட்டியில பட்டுடுச்சு."

"வேற சரக்கு உறை உசரம் மாறும்னு உங்களுக்குத் தெரியாதா? விக்கிறதே நீங்கதானே?" என்றாள் மாய்.

"தெரியும். அவசரத்துல தோணலை."

"நான் கண்டுபிடிச்சப்பவாவது சொல்லியிருக்கலாம்."

"சொன்னா இந்தக் கடைக்குப் போட்டி நடத்துற உரிமை போயிடும், மாய். அது போனா இங்க என்ன இருக்கு? வெறும் அலமாரி. டஸ்டின் பேரைச் சொன்னேன் பாரு... அதை நெனச்சா எனக்கே அசிங்கமா இருக்கு."

"என் பேரும் கெட இருந்துச்சு, வெண்டல்," என்றாள் பிரிட்ஜெட்.

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். எனக்கு அந்த மனிதர்மேல் கோபம் வந்தது, கூடவே இரக்கமும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் எதை முதலில் கவனிப்பது என்று எனக்குத் தெரிவதில்லை.

"எனக்கு ஒரு சந்தேகம்," என்றார் பாஸ். "தனியா இருந்தீங்க. நடுவர் இல்ல, எதிராளி இல்ல. சுற்று சேர்ந்ததும் ஜெயிச்சாச்சுன்னு எழுந்து போயிருக்கலாம். எண்ணை யார் கேட்டாங்க?"

வெண்டல் அவரை நிஜமாகவே புரியாமல் பார்த்தார்.

"யாரும் கேக்கலை," என்றார். "ஆனா சொல்லாம எப்படிங்க?"

மாய் தலையாட்டினாள். டஸ்டினும் ஆட்டினான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் ஆட்டினேன். அந்த அறையில் பாஸைத் தவிர எல்லோருமே அந்தத் தப்பைச் செய்திருப்போம்.

மாய் தன் அறிக்கையைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்று எழுதினாள். பிரிட்ஜெட் மேல் குற்றமில்லை. கடைமேல் உண்டு. "எழுதித்தான் ஆகணும், வெண்டல். மேலிடம் என்ன சொல்லும்னு எனக்குத் தெரியாது," என்றாள். அவர் மறுக்கவில்லை. புதிய உறைப் பொட்டலத்தைப் பிரித்து, அறுபதும் ஒரே சரக்கா என்று மாய் எதிரிலேயே விரலை ஓட்டிப் பார்த்து, பிரிட்ஜெட்டிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை.

இரண்டு மணிக்கு இறுதி ஆட்டம் தொடங்கியது. முதல் ஆட்டம் டஸ்டினுக்கு. இரண்டாவது பிரிட்ஜெட்டுக்கு. மூன்றாவதில் அவன் அவளை ஒன்பது புள்ளிக்கு இறக்கிவிட்டு, கையைத் தேய்த்துக்கொண்டான். அவள் ஒரு காட்டை வைத்தாள். வேட்டைநாயை இறக்கினாள். நாய் போய்த் துறவியைக் கூட்டி வந்தது. முளைத்தாய் ஏற்கெனவே அவள் கையில் இருந்தாள்.

"அய்யோ," என்றான் டஸ்டின். "மானுக்கே போயிருக்கலாம்."

மாய் குனிந்தாள். "எத்தனை தடவை?"

நாற்பத்தேழு என்று எல்லோர் உதடும் தயாராக இருந்தது. பிரிட்ஜெட் கார்டுகளைப் பார்க்கவில்லை. திரும்பி, கல்லாவுக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாமல் நின்ற மனிதரைப் பார்த்தாள்.

"ஐயாயிரத்து இருநூத்தி எண்பது," என்றாள்.

பென்சிலால் ஐயாயிரத்து இருநூற்று எண்பத்தொன்பது என்று எழுதினாள். டஸ்டின் தோல்வியை ஒப்புக்கொண்டு கையை நீட்டினான், குலுக்கினாள். கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்துவிட்டுக் கல்லாவுக்குப் போனாள்.

"மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க. அதுக்கு இன்னும் நாளாகும்," என்றாள். "ஆனா செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு. கட்டை எடுத்துட்டு வர்றேன். ரெண்டு வரிசையும் நீங்களே எழுதிக்கிட்டு உக்காந்திருக்காதீங்க."

வெண்டல் குளிர்பானப் பெட்டியைத் திறந்து ஒரு ரூட் பீரை எடுத்து அவளுக்கு முன்னால் வைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அதைக் கார்டுகளிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி வைத்தார்.

கார் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது பாஸ் கேட்டார்.

"கஸ், செவ்வாய்க்கிழமை நமக்கு வேலை இருக்கா?"

"இல்ல, பாஸ். ஏன்?"

"சும்மாதான்," என்றார். "எனக்கு எந்த எண் பொருத்தமா இருக்கும்னு யோசிக்கிறேன்."